இணையக் கலைக்களஞ்சியத்தில் படித்ததை எப்படிச் சரிபார்ப்பது? பெங்களூர்த் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஆசியாவிலேயே முதன்முதலில் மின்விளக்கு எரிந்த நகரம் பெங்களூர்." இந்த ஊரில் வளர்ந்த யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. பள்ளிக்கூட ப்ராஜெக்டில் வரும், மேடைப் பேச்சில் வரும், கர்நாடக மாநிலம் உருவான நாளான நவம்பர் 1 வந்தால் வாட்ஸ்அப்பில் சுற்றும். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் "நெட்ல இருக்கு" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் வேலையில் உதவி செய்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் அவ்வப்போது திருத்தங்களும் செய்கிறேன். பெற்றோர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "விக்கிப்பீடியாவை நம்பலாமா?" இந்தக் கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே பக்கத்தில் மூன்றாவது வாக்கியம் உறுதியானதாக இருக்கும், நான்காவது யாரோ நேற்று ராத்திரி சேர்த்ததாக இருக்கும். ஆகவே தளத்தை நம்பலாமா என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த வாக்கியத்தை நம்பலாமா என்று கேளுங்கள். அதற்குப் பதில் கண்டுபிடிக்க வழி உண்டு. மேலே சொன்ன மின்விளக்கு வாக்கியத்தையே எடுத்துக்கொண்டு அந்த வழியைப் படிப்படியாகக் காட்டுகிறேன்.

முதலில்: படிப்பது யார் எழுதியது?

கலைக்களஞ்சியம் என்ற பெயரில் இணையத்தில் இருப்பவை எல்லாம் ஒரே வகை இல்லை. ஆங்கில விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது, தமிழ் விக்கிப்பீடியா 2003இல். இரண்டையும் யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம். எழுதிய பிறகுதான் மற்றவர்கள் பார்ப்பார்கள், பார்க்காமலும் போகலாம். பிரிட்டானிகா வேறு மாதிரி. 1768இல் எடின்பரோவில் தொடங்கி, 2012இல் அச்சுப் பதிப்பை நிறுத்திவிட்டு, இப்போது இணையத்தில் இருக்கிறது. அதில் ஆசிரியர் குழு பார்த்த பிறகுதான் கட்டுரை வெளியாகும். தமிழில் 2022இல் எழுத்தாளர் ஜெயமோகன் முன்னெடுத்த 'தமிழ் விக்கி'க்கும் ஆசிரியர் குழு உண்டு. இவற்றுக்கெல்லாம் முன்னால், பெரியசாமி தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதை இன்றும் புரட்டலாம். அறிவியல் செய்திகள் பழையவை என்றாலும், துறை அறிந்தவர்களைத் தேடிப்பிடித்து எழுதவைத்த வேலை அது.

ஆசிரியர் குழு இருந்தால் தவறே இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். 2005இல் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் தலைப்புகளில் விக்கிப்பீடியா, பிரிட்டானிகா இரண்டின் கட்டுரைகளையும், எது எதிலிருந்து வந்தது என்று சொல்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தது. விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குச் சராசரியாக நான்கு பிழைகள், பிரிட்டானிகாவில் மூன்று. பெரிய பிழைகள், எல்லாக் கட்டுரைகளையும் சேர்த்து, இரண்டிலும் நான்கு நான்குதான். பிரிட்டானிகா இந்த ஒப்பீட்டைக் கடுமையாக மறுத்தது. இந்தச் செய்தியைக் காட்டி 'விக்கிப்பீடியா பிரிட்டானிகாவுக்குச் சமம்' என்று பலரும் வாதிடுவார்கள். ஆனால் அந்த ஒப்பீடு ஆங்கிலத்தில் மட்டும் நடந்தது, அறிவியலில் மட்டும் நடந்தது. கன்னட விக்கிப்பீடியாவில் இருக்கும் கோயில் வரலாற்றுக்கோ தமிழ் விக்கிப்பீடியாவில் இருக்கும் அரசியல்வாதியின் வாழ்க்கைக் குறிப்புக்கோ அது சான்றாகாது.

படி 1: வாக்கியத்தைப் பிரியுங்கள்

"ஆசியாவிலேயே முதன்முதலில் மின்விளக்கு எரிந்த நகரம் பெங்களூர், 1905." இதில் பல செய்திகள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. பெங்களூரில் 1905இல் மின்விளக்கு வந்தது என்பது ஒன்று. அது தெருவிளக்கா, வீட்டு விளக்கா, அரண்மனை விளக்கா என்பது இன்னொன்று. 'முதன்முதலில்' என்பது மூன்றாவது. 'ஆசியாவிலேயே' என்பது நான்காவது. ஒரு தாளில் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஒன்று உண்மை என்பதால் மற்றவை உண்மையாகிவிடாது. தவறான வாக்கியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் உயிர் வாழ்கின்றன: ஆண்டும் ஊரும் சரியாக இருக்கும், அந்தத் தைரியத்தில் 'முதல்' சேர்ந்து பயணம் செய்யும்.

முதல், பெரிய, பழைய, ஒரே என்ற நான்கு சொற்களில் எது வந்தாலும் அடிக்கோடு போடுங்கள். ஊர்ப்பெருமை உள்ளே நுழையும் இடங்கள் இவைதான்.

படி 2: அடிக்குறிப்பைத் திறந்து படியுங்கள்

எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. பெரும்பாலோர் செய்யாததும் இதுதான். வாக்கியத்தின் முடிவில் சின்ன எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, இருந்தால் நம்பிவிடுகிறார்கள். எண் இருப்பது ஆதாரம் ஆகாது. அதைத் தொட்டு, அது காட்டும் புத்தகத்தையோ செய்தியையோ திறந்து மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, அப்படி ஒரு நூல் உண்மையில் இருக்கிறதா? ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007 முதல் 2012 கடைசி வரை 'பிச்சோலிம் போர்' என்று ஒரு கட்டுரை இருந்தது. 1640-41இல் கோவாவில் போர்த்துகீசியருக்கும் மராட்டியப் பேரரசுக்கும் நடந்த போராம். நீளமான கட்டுரை, நிறைய மேற்கோள்கள், 'நல்ல கட்டுரை' என்ற தகுதிச் சின்னம்கூடக் கிடைத்திருந்தது. அப்படி ஒரு போரே நடக்கவில்லை. மேற்கோள் காட்டிய நூல்களைத் தேடிப் பார்த்த ஒருவர், அவை இல்லவே இல்லை என்று கண்டுபிடித்த பிறகுதான் நீக்கினார்கள். சிவாஜி முடிசூடியது 1674இல் என்பதை நினைவில் வைத்திருந்தாலே 1640இல் மராட்டியப் பேரரசு ஏது என்று சந்தேகம் வந்திருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் எத்தனை பேரோ.

இரண்டு, நூல் இருந்தாலும் அது இந்தச் செய்தியைத்தான் சொல்கிறதா? 'பெங்களூர் ஆரம்பத்திலேயே மின்விளக்கு பெற்ற நகரங்களில் ஒன்று' என்று நூலில் இருப்பது, கட்டுரைக்கு வரும்போது 'முதல் நகரம்' ஆகிவிடும்.

மூன்று, அந்த மூலத்துக்கு இது எப்படித் தெரிந்தது? இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 2008இல் ஓர் அமெரிக்க மாணவர் கோட்டி என்ற தென்னமெரிக்க விலங்கின் பக்கத்தில், அதற்குப் 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என்று விளையாட்டாகச் சேர்த்தார். நாளேடுகள் அதைப் பார்த்து எழுதின. ஒரு பல்கலைக்கழக வெளியீட்டு நூலிலும் அந்தப் பெயர் ஏறியது. பிறகு விக்கிப்பீடியாவில் அந்தப் பெயருக்கு ஆதாரமாக அதே நாளேட்டுச் செய்தியை வைத்தார்கள். பொய் ஒரு சுற்று சுற்றி வந்து தனக்குத்தானே சாட்சி சொன்ன கதை இது. ஆகவே அடிக்குறிப்பு ஒரு செய்தித்தாள் கட்டுரை என்றால், அது வெளியான தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

படி 3: வரலாற்றைப் பாருங்கள்

கணினியில் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்தால் மேலே 'வரலாற்றைக் காட்டவும்' என்று இருக்கும். போனில் பக்கத்தின் அடியில், கடைசியாக எப்போது தொகுத்தார்கள் என்று சொல்லும் வரியைத் தொட்டால் போதும். யார், எந்த நாளில், என்ன மாற்றினார்கள் என்பது முழுக்க அங்கே இருக்கும். அச்சுப் புத்தகம் எதுவும் தராத வசதி இது.

அங்கே தேட வேண்டியது, உங்கள் வாக்கியம் எப்போது உள்ளே வந்தது என்பது. பழைய பதிப்பு ஒன்றைத் திறந்து வாக்கியம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்னும் பழையது, இல்லாவிட்டால் கொஞ்சம் புதியது. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் சீக்கிரம் பிடித்துவிடலாம். பிறகு படி 2இல் குறித்த தேதியோடு ஒப்பிடுங்கள். விக்கிப்பீடியா வாக்கியம் 2009இல் வந்திருக்கிறது, ஆதாரமாகக் காட்டும் செய்தி 2013இல் வந்தது என்றால், செய்தியாளர் எங்கிருந்து எடுத்திருப்பார் என்று யோசிக்க வேண்டும்.

பக்கத்திலேயே 'உரையாடல்' இருக்கிறது. சண்டை நடந்திருந்தால் அங்கே தெரியும். காவிரி, மொழி, சாதி, எல்லை பற்றிய பக்கங்களில் உரையாடலைப் படிக்காமல் கட்டுரையை மட்டும் படிப்பது பாதி படிப்பதுதான். பூட்டுச் சின்னம் இருந்தால் புதியவர்கள் தொகுக்க முடியாதபடி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தலைப்பில் தகராறு நடந்திருக்கலாம், நிதானமாகப் படியுங்கள்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய பக்கங்களில் இந்தப் படியைத் தவறவே விடக்கூடாது. 2005இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்குக் கென்னடி கொலையில் தொடர்பு இருந்ததாகச் சந்தேகம் என்று யாரோ எழுதிவைத்தார்கள். நான்கு மாதம் அது அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகுதான் ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கு இல்லாதவர்கள் புதுக்கட்டுரை தொடங்க முடியாது என்று ஆக்கினார்கள்.

படி 4: மற்ற மொழிகளில் பாருங்கள், ஆனால் எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள்

பெங்களூர்த் தமிழர்களுக்கு இது எளிது. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். மூன்று மொழிப் பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க நம் பிள்ளைகளால் முடியும். ஆண்டு வேறுபட்டால் அங்கே நின்று தேடுங்கள்.

ஆனால் மூன்று மொழியிலும் ஒரே செய்தி இருப்பதால் மூன்று சாட்சி கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து மற்ற இரண்டுக்கும் மொழிபெயர்த்திருப்பார்கள். 2009 வாக்கில் கூகுள் ஆள் வைத்து மொழிபெயர்த்த கட்டுரைகள் தமிழ் விக்கிப்பீடியாவுக்குள் வந்தன. அவற்றின் தலைப்புத் தேர்வும் நடையும் பற்றித் தமிழ் விக்கிப்பீடியர்கள் கேள்வி எழுப்பிச் சீர்படுத்த உழைத்தார்கள். சிறிய மொழி விக்கிப்பீடியாக்களில் கண்காணிக்க ஆள் குறைவு. ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவின் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை அந்த மொழி தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் எழுதியிருந்தது 2020இல்தான் வெளியே தெரிந்தது. தமிழுக்கு அந்த நிலை இல்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள், அக்கறையுள்ள தொகுப்பாளர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும், யாரும் வந்து பார்க்காத மூலைகள் இங்கேயும் நிறைய.

படி 5: எதிர்ச் சான்றைத் தேடுங்கள்

இதுவரை வாக்கியத்தைத் தாங்குவது எது என்று பார்த்தோம். இப்போது அதை உடைக்கக்கூடியது எது என்று தேட வேண்டும். 'பெங்களூர் முதல் மின்விளக்கு' என்று தேடினால் அதே வாக்கியத்தின் நகல்கள்தான் கிடைக்கும். பெங்களூரை விட்டுவிட்டு, 'கொல்கத்தா மின்விளக்கு', 'ஷாங்காய் தெருவிளக்கு', 'டோக்கியோ மின்விளக்கு' என்று தனித்தனியாகத் தேடுங்கள்.

ஷாங்காய் தெருக்களில் 1882இல் மின்விளக்கு எரிந்தது. டோக்கியோவின் கின்சா பகுதியில் அதே 1882இல் மின்விளக்கு ஏற்றிக் காட்டினார்கள். ஆக 'ஆசியாவிலேயே' என்பது போய்விட்டது. இந்தியாவில்? கொல்கத்தாவில் 1899இல் மின் விநியோகம் தொடங்கிவிட்டது. சரி, நீர்மின்சாரத்தில் எரிந்த முதல் விளக்கு என்று சொல்லலாமா? அதுவும் நிற்காது. டார்ஜிலிங் அருகே சித்ராபோங் நீர்மின் நிலையம் 1897இலேயே இயங்கத் தொடங்கி, அந்த ஊர்த் தெருக்களுக்கு வெளிச்சம் கொடுத்தது.

அப்படியானால் மிச்சம் என்ன? மிச்சம் இருப்பது நல்ல வரலாறு. சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902இல் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் முதலில் போனது பெங்களூருக்கு இல்லை, கோலார் தங்கவயலுக்கு, சுமார் 150 கிலோமீட்டர் தூரம். அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான மின்தடங்களில் அது ஒன்று. அதே மின்சாரம் 1905இல் பெங்களூர்த் தெருவிளக்குகளுக்கு வந்தது. தங்கவயல் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இன்று பெங்களூரில் இருக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் வேர் அங்கே இருக்கிறது. இந்த மின்திட்டத்துக்கு வித்திட்ட மைசூர் திவான் சேஷாத்ரி ஐயரும் பாலக்காட்டுத் தமிழர். பொய்யான ஒரு 'முதல்' பட்டத்துக்காக இவ்வளவையும் மறைத்துவிட்டோமே என்பதுதான் என் வருத்தம். பிள்ளைகள் ப்ராஜெக்டில் எழுத வேண்டியது இந்தக் கதையைத்தான்.

படி 6: மூலத்துக்குப் போங்கள்

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கப்பன் பூங்காவில் இருக்கும் மாநில மைய நூலகம் சேஷாத்ரி ஐயரின் நினைவுக் கட்டடத்தில்தான் இயங்குகிறது. நிருபதுங்கா சாலையில் 1909இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி இருக்கிறது. மைசூர் வரலாறு, கல்வெட்டு பற்றித் தேடுபவர்கள் அங்கே போகலாம். அல்சூர் ஏரிக்கரை அருகே தமிழ்ச் சங்கத்தில் நூலகம் உண்டு.

வெளியே போக முடியாதவர்கள் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் பழைய அரசு வெளியீடுகளைத் தேடலாம். ஓர் எடுத்துக்காட்டு: தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன என்று எங்கேயாவது படித்தால், பி. எல். ரைஸ் தொகுத்த 'எபிகிராபியா கர்நாடிகா'வின் ஒன்பதாம் தொகுதியைத் திறங்கள். 1905இல் வந்த பெங்களூர் மாவட்டத் தொகுதி அது. கல்வெட்டின் வாசகத்தையே அங்கே படிக்கலாம். யாரோ சுருக்கிச் சொன்னதைப் படிப்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒருமுறை பார்த்தால் போதும்.

மக்கள்தொகை எண்களுக்கும் இதே வழிதான். 'பெங்களூரில் தமிழர் இத்தனை சதவீதம்' என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். 2011 கணக்கெடுப்பில் தாய்மொழிவாரிக் கணக்கு சி-16 என்ற அட்டவணையில் இருக்கிறது. படித்த எண் அதோடு பொருந்துகிறதா, மாநகராட்சிக்குச் சொல்கிறார்களா, மாவட்டத்துக்குச் சொல்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு.

படி 7: எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

எல்லாவற்றுக்கும் ஆறு படியும் ஏற வேண்டியதில்லை. ஓர் ஆற்றின் நீளம், வேதியியல் குறியீடு, ஒரு படம் வெளியான ஆண்டு போன்றவற்றுக்கு அடிக்குறிப்பைப் பார்த்தாலே போதும். மருந்தும் சட்டமும் அப்படி இல்லை. மருந்தின் அளவை எந்தக் கலைக்களஞ்சியத்திலிருந்தும் எடுக்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். சட்டத்தில் நம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2023 ஜனவரியில், இறக்குமதி செய்த கணினிகளுக்கான சுங்க வரி பற்றிய வழக்கில், விக்கிப்பீடியா போன்றவை பலரும் சேர்ந்து எழுதுபவை, முழுவதும் நம்பத்தக்கவை அல்ல, வழக்கறிஞர்கள் இன்னும் உறுதியான மூலங்களை வைத்து வாதிட வேண்டும் என்றது. பெங்களூர் சுங்கத் துறை சம்பந்தப்பட்ட முந்தைய வழக்கு ஒன்றிலும் இதே எச்சரிக்கை வந்திருக்கிறது. விக்கிப்பீடியாவே தன்னை ஆதாரமாகக் காட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

கூகுள் தேடலின் மேலே வரும் பெட்டியையும் சாட்ஜிபிடி போன்றவற்றின் பதிலையும் ஆதாரமாக வைக்காதீர்கள். அவற்றில் பல இதே பக்கங்களிலிருந்து வருபவை. அடிக்குறிப்பும் வரலாறும் உரையாடலும் கழன்று, வெறும் வாக்கியம் மட்டும் கையில் வரும். சரிபார்க்கும் கைப்பிடியே அங்கே இருக்காது. ஆகவே அந்தப் பதிலில் கிடைத்த பெயர்களையும் ஆண்டுகளையும் எடுத்துக்கொண்டு படி 1இலிருந்து தொடங்குங்கள்.

படி 8: எழுதும்போது எதைக் குறிப்பிடுவது?

மூல நூலை நீங்களே திறந்து படித்திருந்தால் அந்த நூலைக் குறிப்பிடுங்கள், பக்க எண்ணோடு. படிக்காமல், விக்கிப்பீடியா அடிக்குறிப்பில் இருந்த நூற்பெயரை நகல் எடுத்துப் போடுவது நேர்மையும் இல்லை, ஆபத்தும்கூட. பிச்சோலிம் கட்டுரையை நினைத்துக்கொள்ளுங்கள். விக்கிப்பீடியாவையே குறிப்பிட வேண்டிய நிலை வந்தால், கருவிகள் பட்டியலில் இருக்கும் நிலையான இணைப்பை எடுங்கள். அது நீங்கள் படித்த அதே பதிப்பைக் காட்டும். நாளை பக்கம் மாறினாலும் உங்கள் ஆசிரியர் நீங்கள் பார்த்ததையே பார்ப்பார்.

படி 9: தவறைக் கண்டால் திருத்துங்கள்

இவ்வளவு தேடிய பிறகு, கண்டுபிடித்ததை நோட்டுப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் ஒரு கணக்கு தொடங்குங்கள். 'மணல்தொட்டி' என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். பிறகு தவறான வாக்கியத்தை அழிப்பதோடு நிற்காமல், சரியான வாக்கியத்தை ஆதாரத்தோடு எழுதுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று சொல்லும் 'தொகுப்புச் சுருக்க'ப் பெட்டியில் ஒரு வரி போதும்: "ஆசியாவின் முதல் என்பதற்கு ஆதாரம் இல்லை; டார்ஜிலிங் 1897, ஷாங்காய் 1882 காண்க." உங்கள் சொந்த நிறுவனம், உறவினர், சங்கம் பற்றிய பக்கத்தில் மட்டும் நேரடியாகக் கை வைக்காதீர்கள், உரையாடலில் எழுதிக் கேளுங்கள்.

யாராவது உங்கள் திருத்தத்தை மாற்றிவிட்டால் உடனே திரும்ப மாற்ற வேண்டாம். மறுபடி மறுபடி மாற்றினால் இருவரையும் தடை செய்துவிடுவார்கள். உரையாடல் பக்கத்தில் உங்கள் ஆதாரத்தை வைத்து, எதிர்த் தரப்பின் ஆதாரத்தைக் கேளுங்கள். ஊர்ப்பெருமை சம்பந்தப்பட்ட பக்கங்களில் பதில் வர நாளாகும், சில நேரம் சூடாகவும் வரும். நூலின் பக்கத்தை ஸ்கேன் எடுத்து வைத்திருந்தால், பக்க எண்ணோடு அதைக் காட்டிப் பேசலாம்.